புது பைக்கை முதல் 1000 கிலோமீட்டர் எப்படி ஓட்ட வேண்டும்? 40-ஐத் தாண்டக் கூடாது என்பது உண்மையா?

கேள்வி கேட்டவர் 125 சிசி வண்டி எடுத்திருக்கிறார். 40-க்கு மேல் போகாதே என்கிறார்கள் வீட்டில். முதல் நாளே நன்றாக முறுக்கி ஓட்டினால்தான் பிக்கப் வரும் என்கிறார்கள் நண்பர்கள். இரண்டுமே பாதி சரி. ஆனால் டாப் கியரில் 40-லேயே உருட்டிக்கொண்டு போவது, முறுக்குவதற்குக் குறையாத கெடுதல்.

காரணம், பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டருக்குள் இருக்கிறது. அதன் உள்சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், ஹோனிங் கல்லைச் சுழற்றிக்கொண்டே ஏற்றி இறக்கி, கோரைப்பாய் முடைந்தது போலக் குறுக்கு நெடுக்காக மெல்லிய கோடுகளைக் கீறித்தான் அனுப்புகிறார்கள். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேட்டில், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் உரசி, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று படியும். ரிங் படிவது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். இதில் பெரும்பகுதி முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? அதன் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயு மேல் ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. அதனால் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அழுத்தம் போதாது. ரிங் வழிக்காமல் விட்ட ஆயில் சூட்டில் வெந்து சுவரில் பிசின் போல ஒட்டும், கோடுகள் அடைபடும். கிளேசிங் என்பது இதுதான். நன்றாக அடைபட்டுவிட்டால் பிறகு எப்படி ஓட்டினாலும் சரியாவது அரிது. சிலிண்டரைக் கழற்றி மறுபடி ஹோனிங் போட வேண்டியிருக்கும். மறுபக்கம், முதல் நாளே பைபாஸில் முழுதாக முறுக்கிப் பிடித்தால் அந்த மேடுகள் அளவுக்கு மீறிச் சூடேறி, பிஸ்டனிலும் சுவரிலும் நீளவாக்கில் கீறல் விழும். முற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

எனவே செய்ய வேண்டியது, சுமையைக் கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து ஓட்டுவது. எஞ்சின் சூடான பிறகு, காலியான ரோட்டில், மூன்றாம் கியரில் 25-லிருந்து 45 வரை சீராக ஏற்றுங்கள். பாதி திருகல் போதும், வெடுக்கென்று வேண்டாம். 45 வந்ததும் ஆக்சிலரேட்டரை முழுதாக விடுங்கள். பிரேக் பிடிக்காமல், கிளட்ச்சும் பிடிக்காமல், வண்டி தானாகவே 25-க்கு இறங்கட்டும். மறுபடி ஏற்றுங்கள். ஏறும்போது வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது. இறங்கும்போது எரிப்பு அழுத்தம் இல்லாததால் ரிங்கின் மேல் பாரம் விலகி, உரசிய இடத்துக்கு ஆயிலும் ஓய்வும் கிடைக்கின்றன. பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, தினமும் பத்துப் பதினைந்து முறை செய்தால் போதும்.

எஞ்சினின் சுற்று வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர் இருந்தால் முதல் 500 கிலோமீட்டர் வரை அதிலுள்ள சிவப்புக் கோட்டின் பாதியைத் தாண்டாதீர்கள். அடுத்த 500-ல் முக்கால் பங்கு வரை போகலாம், அதுவும் சில விநாடிகள்தான். டேக்கோமீட்டர் இல்லாத நான்கு கியர் வண்டி என்றால் முதல் 500-க்குத் தோராயமாக ஒன்றாம் கியரில் 15, இரண்டில் 30, மூன்றில் 45, நான்கில் 55 வரை. வண்டியோடு வந்த கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு, இது அல்ல.

மேல் எல்லையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், கீழ் எல்லையை யாரும் சொல்வதில்லை. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கி, வேகம் 20-க்கு வந்த பிறகும் கியரைக் குறைக்காமல் நான்கிலேயே முறுக்குகிறோமே, அப்போது டேங்க்கில் ஒரு அதிர்வு வரும், எஞ்சின் 'டக டக' என்று திணறும். சுற்று குறைவு, பாரம் அதிகம், பேரிங்கில் ஆயில் படலம் மெலிந்திருக்கும். புது எஞ்சினுக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. மேம்பாலம் ஏறும்முன் ஒரு கியர் குறைத்துவிடுங்கள். நான்காம் கியரில் 35-க்குக் கீழே இழுக்க வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு மெதுவாகக் கிளம்புங்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் பாதிக்கும் குறைவான திருகலில். ஸ்டாண்டு போட்டுப் பத்து நிமிடம் உறும விடுவது சிலரிடம் பழக்கமாக இருக்கிறது. அதில் ரிங்குக்கு அழுத்தமும் இல்லை, எஞ்சினுக்குக் காற்றும் இல்லை. காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால், நம் ஊர் வெயிலில் அரை மணி நேரம் ஓடியதும் பத்து நிமிடம் நிழலில் நிறுத்துவது நல்லது. நீண்ட சிக்னலில் அணைத்துவிடுங்கள்.

முதல் 500-க்குள் இரண்டு பேரோடு மூட்டையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது முழுக்க அதிக பாரம், மெதுவாகப் போவதால் எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றும் குறைவு. அதே போல, சென்னை–திருச்சி சாலையில் மணிக்கணக்காக ஒரே 55-ல் போவதும் ரன்னிங்-இன் (புது எஞ்சினைப் பழக்குவது) அல்ல. போயே ஆக வேண்டும் என்றால் சில நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை 40-க்கும் 55-க்கும் இடையில் மாற்றிக்கொண்டே இருங்கள்.

அடுத்து ஆயில். ரன்னிங்-இன்னில் பாதி வேலை இதுதான். முதல் ஆயிலில் ரிங் உரசிய தூள், கியர் பற்களிலிருந்து வந்த பொடி, கிளட்ச் பிளேட் துகள் எல்லாம் சேர்ந்திருக்கும். வடித்த ஆயிலை வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள், ஜிகினா போல மினுங்கும். அது இயல்பு. நகத்தில் நிற்கும் அளவுக்குத் துணுக்கு கிடைத்தால்தான் சர்வீஸ் சென்டரில் காட்ட வேண்டும். முதல் சர்வீஸை 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் கம்பெனிகள் வைப்பது இதற்காகவே. அதைத் தள்ளிப்போடாதீர்கள். வாரன்டிக்கும் அது தேவை.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை வடிக்க வேண்டும். ட்ரெயின் போல்ட்டின் வாஷர் புதிதாகப் போட வேண்டும். போல்ட்டைப் பலம் கொண்டு இறுக்கினால் அலுமினிய கிராங்க்கேஸின் மரை போய்விடும். பேப்பர் ஃபில்டர் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஸ்ப்ளெண்டர் போன்ற 97.2 சிசி வண்டிகளில் பேப்பர் ஃபில்டர் கிடையாது, தூளை ஒதுக்கும் சுழல் ஃபில்டரும் வலையும்தான் உண்டு. கையேட்டில் உள்ள கிரேடும் அளவும் மட்டும் ஊற்றுங்கள். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்ற தரக்குறி இருக்க வேண்டும், ஏனென்றால் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. உராய்வைக் குறைக்கும் என்று தனியாக விற்கும் திரவம் எதுவும் வேண்டாம். ரிங் படிய உராய்வு தேவை. கிளட்ச் வழுக்கவும் செய்யும். 200 கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டியை நேராக நிறுத்தி அளவு பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் திருகாமல், உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதே சர்வீஸில் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளி, பார்க்க வேண்டும். வால்வு தன் இருக்கையில் படியப் படிய இடைவெளி குறையும். சிறு வண்டிகளில் அது 0.1 மில்லிமீட்டரை ஒட்டிய அளவுதான். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போதுதான் அளக்க முடியும். நீங்கள் ஓட்டிக்கொண்டு போய் விட்ட ஐந்தாவது நிமிடம் அளந்தால் தப்பாகத்தான் வரும். முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். சத்தம் வரக் கூடாது என்று டைட் வைக்கச் சொல்லாதீர்கள். டேப்பெட் டைட்டானால், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாது, சூட்டை இருக்கைக்குக் கடத்த முடியாமல் கருகும். லேசான 'டிக் டிக்' இருக்கட்டும்.

முதல் நாள் சைலன்சரில் கருகல் வாடையும், குளிர்ந்த காலையில் உடனே மறையும் வெள்ளை ஆவியும் இயல்பு. மைலேஜ் குறைவாக இருப்பதும் அப்படித்தான். 1500–2000 கிலோமீட்டர் வரை மெல்ல ஏறும். சூடான பிறகும் நீலப் புகை நிற்காவிட்டாலோ, 1000 கிலோமீட்டருக்குள் ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கினாலோ எழுத்தில் புகார் கொடுத்து, ஜாப் கார்டில் பதியச் சொல்லுங்கள்.

இத்தனையும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மட்டும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் போர் போட்டுப் புது பிஸ்டன் ஏற்றியிருந்தால், வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டு இறங்கும் முறையைச் செய்யாதீர்கள். திருகலை மூடினால் ஆயில் வரத்தும் குறைந்துவிடும். அங்கே இறக்கத்தில் கிளட்ச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.