ஆய்வுகளில் திருநர் பதின்மரின் உடல்நலம் மோசமாகத் தெரிவது ஏன்?

"திருநர் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் உடல்நலக் குறைவும் அதிகம் என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றனவே, அப்படியென்றால் திருநராக இருப்பதே நோயா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் மனநோய்களுக்கான அத்தியாயத்தில் இது கிடையாது. அதற்காக அந்த எண்களைப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. நான் மருத்துவப் புள்ளியியல் கற்பிக்கிறேன். இப்படி ஓர் ஆய்வு வந்தால், யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

மினசோட்டா மாநிலத்தில் 2016இல் 9, 11ஆம் வகுப்பு மாணவர்கள் சுமார் 81,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு பலரும் மேற்கோள் காட்டுவது. அதில் 2.7 சதவீதம் பேர் தங்களைத் திருநர் அல்லது பாலின வரையறைக்குள் அடங்காதவர் என்று குறித்தார்கள். தங்கள் உடல்நலத்தைக் கீழ்நிலையில் வைத்தவர்கள் இவர்களில் 62.1 சதவீதம், சிஸ்ஜெண்டர் மாணவர்களில், அதாவது பிறப்பில் குறித்த பாலினத்தோடே தம்மை உணர்பவர்களில், 33.1. பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்தக் "கீழ்நிலை"யில் மோசம், சுமார் மட்டுமல்ல, "நன்று" என்ற பதிலும் சேர்த்தி. "மிக நன்று" அல்லது அதற்கும் மேல் என்று சொன்னவர்கள் மட்டுமே மறுபக்கம். இதை விட்டுவிட்டு "62 சதவீதம் பேர் நோயாளிகள்" என்று பரப்புவது அநியாயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1,000 பேரில் 20 பேர் திருநர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 980 பேரில் வெறும் 10 பேர் வேடிக்கைக்காகத் தங்களைத் திருநர் என்று குறித்தாலே அந்தக் குழுவில் மூன்றில் ஒருவர் தவறானவர். உடல்நலக் கேள்விக்கும் அவர்கள் அப்படியே விளையாடினால் அந்தக் குழுவின் சதவீதமே மாறிவிடும். பெரிய குழுவில் அதே 10 பேரால் ஒன்றும் ஆகாது.

சரி, விளையாட்டுப் பதிலுக்கு இடமில்லாத மருத்துவப் பதிவுகள் என்ன சொல்கின்றன? பாஸ்டனில் ஒரு சமூக சுகாதார மையத்துக்கு வந்த 12 முதல் 29 வயது வரையிலான 180 திருநரையும், வயது, இனம் எல்லாம் பொருந்தும் 180 சிஸ்ஜெண்டர் நபர்களையும் ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வு வந்தது. மனச்சோர்வு திருநரில் 50.6 சதவீதம், மற்றவர்களில் 20.6. வித்தியாசம் இங்கேயும் மறையவில்லை. ஆனால் பாலினம் சார்ந்த சிகிச்சைக்கு வருபவர்களிடம் மனநலம் பற்றி விசாரிப்பது வழக்கம். விசாரித்தால்தானே பதிவில் ஏறும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு. குடும்பம் ஏற்றுக்கொண்ட 3 முதல் 12 வயதுத் திருநர் பிள்ளைகள் 73 பேர். மனச்சோர்வு மற்ற பிள்ளைகள் அளவே, பதற்றம் மட்டும் கொஞ்சம் கூடுதல். பெற்றோர் சொன்ன தகவல், தாமாக முன்வந்த குடும்பங்கள், பதின்வயதுக்கு முந்தைய பிள்ளைகள் என்று குறைகள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அடையாளம்தான் நோய்க்குக் காரணம் என்றால் இந்த முடிவு வந்திருக்கக் கூடாது.

அப்புறம் எது காரணம்? அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2017இல் உயர்நிலைப் பள்ளிகளில் எடுத்த கணக்கெடுப்பில், பள்ளியில் வம்புக்கு ஆளானதாகச் சொன்ன திருநர் மாணவர்கள் 34.7 சதவீதம். பயந்துகொண்டு பள்ளிக்கே போகாமல் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. இந்த ஆய்வுகளைக் காட்டி யாராவது பிள்ளையின் அடையாளத்தைக் குறை சொன்னால், வம்புக்கு ஆளானதைப் பற்றிய கேள்வியும் இந்தக் கணக்கெடுப்பில் இருந்தது என்று சொல்லுங்கள்.