கூரையில் காற்றாலை பூட்டலாமா?

கேள்வி: அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டத்தில் எங்கள் வீடு. ஆடி மாதக் காற்று கூரைத் தகரத்தையே தூக்கப் பார்க்கும். கூரையில் பூட்டக்கூடிய 1 கிலோவாட் காற்றாலை ஒன்றை விற்பனையாளர் காட்டுகிறார். சுழலும் வட்டத்தின் விட்டம் 2 மீற்றர். கரண்ட் பில் பாதியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: கூரையில் பூட்டத்தான் என்றால் வேண்டாம், காசு வீணாகும்.

விற்பனையாளர் சொல்லும் 1 கிலோவாட், விநாடிக்கு 11, 12 மீற்றர் வேகக் காற்றில் கிடைக்கும் உச்ச அளவு. காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால் அதில் உள்ள சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். உங்கள் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 15 வீதம் குறைவு. காற்றில் இருக்கும் சக்தியில் கால்வாசியை மின்சாரமாக்கும் ஒரு நல்ல இயந்திரம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 2 மீற்றர் வட்டத்துக்கு 12 மீற்றர் வேகத்தில் சுமார் 700 வாட் வரும். 8 மீற்றர் வேகத்தில் 200 வாட். 4 மீற்றர் வேகத்தில் வெறும் 25 வாட். இந்த 4 மீற்றர் காற்று இரவு பகல் விடாமல் வீசினாலும் நாளுக்கு 0.6 அலகுதான் (பில்லில் வரும் யூனிட்).

ஆடிக் காற்றை நம்பித்தான் கேட்கிறீர்கள். தகரத்தைத் தூக்குவது திடீர் வீச்சு. அப்படிப்பட்ட வீச்சில் சின்னக் காற்றாலைகள் உடையாமல் இருப்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அல்லது பிரேக் போட்டுக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்துவிடும். ஆனால் பில் பன்னிரண்டு மாதமும் வரும்.

கூரையின் இன்னொரு சிக்கல் சுழிக்காற்று. வீட்டு முகடு, பக்கத்து லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்), யூக்கலிப்டஸ் மரங்கள் எல்லாவற்றிலும் மோதி வரும் காற்று திசை மாறி மாறி அடிக்கும். காற்றாலை அங்குமிங்கும் திரும்புமே தவிர ஒழுங்காகச் சுற்றாது. பிரிட்டனில் கட்டடங்களில் பூட்டிய 26 சின்னக் காற்றாலைகளை வாரிக் சோதனை என்ற பெயரில் அளந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். நிறுத்தி வைத்திருந்த நாட்களையும் சேர்த்தால் ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சராசரி கால் அலகுகூட வரவில்லை. லயத்து வீட்டில் அதிர்வு வேறு கைமரம் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். தூங்கும் குழந்தைக்கு அது பெரிய தொல்லை. நிமிர்ந்து நின்று சுற்றும் செங்குத்து வகை எந்தத் திசைக் காற்றையும் ஏற்கும் என்பது உண்மைதான். ஆனால் இல்லாத காற்றை அதுவும் உண்டாக்காது.

காற்று இல்லாத நாடு என்று சொல்லவில்லை. உங்களுக்குக் கிட்டத்தில் அம்பேவெலவில் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை திறந்த மேட்டில், உயர்ந்த கோபுரங்களில் நிற்பவை. உங்களுக்கும் அப்படி ஒரு மொட்டை மேடு இருந்தால் யோசிக்கலாம். பொது விதி இதுதான்: சுற்றிலும் 100, 150 மீற்றர் தூரத்துக்குள் உள்ள எந்த மரத்தையும் கூரையையும்விட 10 மீற்றராவது உயரத்தில் விசிறி இருக்க வேண்டும். சோதிக்க ஒரு பட்டம் போதும். நூலில் மீற்றருக்கு ஒன்றாக நாடா கட்டி ஏற்றுங்கள். கீழே உள்ள நாடாக்கள் துடித்துச் சுருளும். எந்த உயரத்திலிருந்து நாடாக்கள் ஒரே பக்கமாக நேராக நீள்கின்றனவோ, அங்கேதான் உருப்படியான காற்று தொடங்குகிறது. அந்த உயரத்துக்குக் கம்பம், இழுவைக் கம்பிகள், இடிக்கு நிலக்கம்பி எல்லாம் சேர்த்து விலை கேட்டால், காற்றாலையைவிடக் கம்பம் செலவு வைக்கும்.

உங்கள் வீட்டுக்கு மேலே ஓடை இருக்கிறதா? மலைநாட்டில் நான் முதலில் கேட்பது அதைத்தான். தேயிலைத் தொழிற்சாலைகள் பல அந்தக் காலத்தில் தண்ணீர்ச் சில்லில்தான் ஓடின. விநாடிக்கு 5 லீற்றர் தண்ணீரை 20 மீற்றர் உயரத்திலிருந்து குழாயில் இறக்கி, மின்சாரம் எடுக்கும் ஒரு சில்லைச் சுற்றவைத்தால், பாதி வீணானாலும் ஏறத்தாழ 490 வாட் கிடைக்கும். அது இரவிலும் ஓடும், நாளுக்குக் கிட்டத்தட்ட 12 அலகு. தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கீழே பீலியில் தண்ணீர் பிடிப்பவர்களிடமும் பேசுங்கள், அவர்களுக்குக் குறையவே கூடாது.

ஓடை இல்லையென்றால் சோலர். இலங்கையில் 1 கிலோவாட் பலகை நாளுக்குச் சுமார் 3 முதல் 4 அலகு தரும். உங்கள் மூடுபனியில் அது குறையும், இருந்தாலும் கூரைக் காற்றாலையைவிட நிச்சயம் மேல்.

ஓடையை அளக்க 20 லீற்றர் வாளி ஒன்றை எடுங்கள். தண்ணீர் முழுவதையும் ஒரு குழாய்க்குள் திருப்பி, வாளி நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 4 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லீற்றர். மழைக்காலத்தில் அளந்துவிட்டுச் சாமான் வாங்கக் கூடாது. பெப்ரவரி, மார்ச்சில், ஓடை மெலிந்திருக்கும்போது அளந்து எழுதி அனுப்புங்கள். எந்தச் சில்லு பொருந்தும் என்று அந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.