பார்பிக்யூவுக்கும் கணப்பு அடுப்புக்கும் நம்பி வாங்கக்கூடிய லைட்டர் எது?

கணப்பு அடுப்பு என்று கேட்டிருப்பதால் நீங்கள் குளிர் தேசத்தில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் சிங்கப்பூர்; இங்கே வீட்டைக் குளிர வைக்கத்தான் செலவு. ஆனால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கரி பற்றவைக்கப் போய் மானம் போன கதை என்னிடம் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

எனக்குக் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு வேலை. வெல்டிங், கட்டிங் எதுவானாலும் பெர்மிட்டை நான் பார்த்த பிறகுதான் டார்ச்சைத் திறப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஆள், மகளின் ஏழாவது பிறந்தநாள் பார்பிக்யூவுக்கு இணையத்தில் நாற்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்தான்) கொடுத்து மின்பொறி லைட்டர் ஒன்று வாங்கினேன். காஸ் வேண்டாம், போன் போலச் சார்ஜ் போட்டால் போதும், காற்றிலும் அணையாது. மூன்றுமே உண்மை. அந்தப் பொறி இரண்டு முனைகளுக்கு நடுவே நெல்மணி அகலத்துக்குத்தான் நிற்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. திரி நுழையும், காகித ஓரம் நுழையும். கரி எப்படி நுழையும்? டிஷ்யூவைப் பற்றவைத்துக் கரிக்கு அடியில் கொண்டுபோவதற்குள் கடல்காற்று ஊதி அணைத்தது. பதினைந்து இருபது தடவைக்குப் பிறகு சார்ஜும் போய்விட்டது.

அப்புறம் பையில் கிடந்த பழைய நீளமூக்கு லைட்டர். டிக், டிக், டிக். உள்ளே சின்னச் சுத்தியல் ஒரு படிகத்தைத் தட்டுவதால் வருகிற பொறி அது. முனையில் ஈரமும் உப்பும் ஏறினால் பொறி பலவீனமாகிவிடும். பலமான காற்றென்றால் பொறி பறப்பதற்குள் காஸ் கலைந்துவிடும். என் கட்டைவிரல் சிவந்ததுதான் மிச்சம்.

இதற்கிடையில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஐந்து மணிக்கு வாருங்கள் என்றால் நம் உறவினர்கள் ஏன் ஏழரைக்கு வருகிறார்கள்? சரி, வருகிறார்கள். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னும் கரியே புடிக்கலையா மாப்பிள்ளை?" என்று கேட்பது எந்த ஊர் மரியாதை? ஐந்து மணிக்கு வந்து ஆளுக்கு ஒரு அட்டையால் விசிறியிருக்கலாமே. போகட்டும்.

கடைசியில் பக்கத்து பார்பிக்யூ அடுப்பிலிருந்த மலாய்க்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். மேசையில் வைத்தே சூப் கொதிக்கவிட்டுச் சாப்பிடுகிற ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடுகிற அதே காஸ் டப்பா, அதன் தலையில் ஒரு டார்ச். புஸ்ஸென்று நீலச் சுவாலை. ஒரு நிமிடத்தில் கரி ஓரம் சிவந்தது. காஸ் வெளியே வருமுன்னே காற்றோடு கலந்து வேகமாகப் பீய்ச்சுவதால் அந்தச் சுவாலையைக் காற்று அவ்வளவு எளிதில் அசைக்காது. மறுநாளே எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே வீட்டுச் சாமான் கடையில் ஒன்று வாங்கினேன். ஒரே எச்சரிக்கை: பற்றவைத்த உடனே டப்பாவைச் சாய்க்காதீர்கள். காஸ் திரவமாகவே வெளியேறி மஞ்சள் தீ குப்பென்று எழும். கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடித்து எரியவிட்டுப் பிறகு சாயுங்கள்.

உங்கள் கணப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை. வீட்டுக்குள் காற்று இல்லை, நீளமூக்கே போதும். காஸ் மட்டம் வெளியே தெரிய வேண்டும், திரும்ப நிரப்ப முடிய வேண்டும், சுவாலையைக் கூட்டிக் குறைக்கத் திருகு இருக்க வேண்டும். நிரப்பும் முன் மிச்சக் காற்றை ஊசிமுனையால் அழுத்தி வெளியேற்றி, லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பி, சில நிமிடம் விட்டுப் பற்றவையுங்கள். "நிரப்பியும் எரியலை" என்கிறவர்களில் பலர் அந்தக் காற்றை விட்டுவைத்தவர்கள்தான். இன்னொன்று: லைட்டருக்குள் இருக்கும் காஸான பியூட்டேன் சுமார் பூஜ்ய டிகிரியிலேயே ஆவியாக மறுக்கும். குளிரில் கிடந்த லைட்டரைச் சட்டைப்பையில் கொஞ்சம் சூடேற்றிப் பாருங்கள், கெட்டுப்போனது என்று தூக்கிப் போடுமுன். இங்கே எங்களுக்கு நேர்மாறான கவலை, வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கான பூட்டு? அவசியம் வேண்டும் என்பார்கள், பாதுகாப்பு வேலை பார்க்கிற நானும் மறுக்க மாட்டேன். ஆனால் மூட்டுவலிக்கார என் மாமியாரால் அதை அழுத்தவே முடியவில்லை. ஏழு வயது மகள் பார்த்த மாத்திரத்தில் திறந்தாள். இப்போது எல்லா லைட்டரும் அலமாரி உச்சியில்.

"கரிக்கு மண்ணெண்ணெய் ஊத்தினா முடிஞ்சது" என்று கீழே எழுத வருகிறவர்களே, கோழி இறக்கையைத் தின்னப்போவது நீங்கள் என்றால் ஊற்றுங்கள். தீப்பெட்டி போதாதா என்றால், காற்றில்லாத நாளில் தாராளமாகப் போதும். எந்த லைட்டர் கம்பெனியிலும் எனக்குப் பங்கு கிடையாது.

அந்த நாற்பது வெள்ளிச் சாமான் இப்போது சாமி மேடையில் இருக்கிறது. விளக்குத் திரிக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்துகிறது. ஆனாலும் மாமியார் அதைத் தொடுவதில்லை. "கரண்டு வச்சா மாப்பிள்ளை விளக்கேத்துவாங்க?" என்று தீக்குச்சியைத்தான் உரசுகிறார்.