பொன்னாடைக்கு முதல் பஸ் காசு

இந்த முறை வந்த கடிதங்களில் அரைவாசி ஒரே விசயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன: இளைஞர் சுகாதார நிலையங்களும், அவற்றுக்குக் கைகொடுப்பவர்களைக் கௌரவிக்கிற விழாக்களும். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், ஏன் என்பது வாசிக்க வாசிக்க விளங்கும்.

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர் சுகாதார நிலையம் வெளிநாட்டு உறவுகளின் பணத்தாலும் உள்ளூர்ப் பிள்ளைகளின் உழைப்பாலும்தான் ஓடுகிறது. டிசெம்பர் 5, சர்வதேச தொண்டர் தினத்தில் இரண்டு தரப்பையும் கௌரவிக்க நினைக்கிறோம். கொடையாளருக்குப் பொன்னாடையும் நினைவுச் சின்னமும், தொண்டர்களுக்குச் சான்றிதழ் மட்டும் போதும் என்கிறார் தலைவர். நிர்வாகத்துக்குள் இதனால் பெரிய இழுபறி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— நிர்வாகக் குழுச் செயலாளர், மல்லாவிப் பக்கம்

பதில்: முதலில் தேதியைப் பார்ப்போம். அந்த நாளை ஐ.நா. சபை 1985இல் அறிவித்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அவர்கள் வன்னி மாரியை விசாரித்துவிட்டு அறிவிக்கவில்லை. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மழை விட்டுக்கொடுத்தாலும் காலபோக வயலை விட்டுவிட்டு யார் பந்தலுக்குள் வந்து இருக்கப் போகிறார்கள்? வெளிநாட்டுக்காரர் வருவதும் ஆடி ஆவணியில், அங்கே பள்ளிக்கூட விடுமுறை விட்ட பிறகுதான். டிசெம்பரில் நடத்தினால் கொடையாளரின் மச்சானுக்குத்தான் பொன்னாடை போர்த்துவீர்கள். நாள் ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் ஓகஸ்ட் 12 இருக்கிறது, சர்வதேச இளைஞர் தினம்.

சரி, இனிச் சண்டைக்கு வருவோம். இப்படியான ஒரு நிலையத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு பெடியன் வாசலைச் சைக்கிளில் இரண்டு தரம் கடந்து போனான், நிறுத்தவில்லை. மேசையில் இருந்த தொண்டர்ப் பிள்ளை அவனைக் கூப்பிடவில்லை. தண்ணீர்ப் போத்தலை நிரப்புகிற சாட்டில் வெளியே போய், அவன் பக்கம் பாராமலே, உள்ளே இருந்தவளுக்குச் சொல்வதுபோல, "டொக்டர் நாலு மணி மட்டும் இருப்பார், இப்ப ஒருத்தரும் இல்லை" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். மூன்றாம் தரம் சைக்கிள் உள்ளே வந்தது. பெயரைக் கேட்காமல் ஒரு இலக்கத் துண்டைக் கையில் கொடுத்து, வாங்கில் இருத்தாமல் நேரே பின்னறைக்கு அனுப்பிவிட்டாள். கட்டடத்தைப் பணத்தால் கட்டலாம். அந்தப் பெடியனை உள்ளே எடுக்க இப்படி ஒரு பிள்ளை வேண்டும்.

அதனால் உங்கள் தலைவருக்கு என் பதில்: பொன்னாடை போர்த்தினால் எல்லோருக்கும் ஒரே துணி, ஒரே விலை. இல்லையென்றால் ஒருவருக்குமே வேண்டாம். ஆனால் அதற்கும் முதல், அந்தப் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் போன் றீலோடுக்கும் தங்கள் கைக்காசைச் செலவழிக்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆம் என்றுதான் பதில் வரும். மாதாமாதம் கைக்காசு போட்டு ஓடித்திரிகிற பிள்ளைக்கு வருடத்தில் ஒருநாள் மாலை போட்டுப் படம் எடுப்பது கௌரவம் இல்லை. முதலில் அந்தக் காசைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள், அப்புறம் மாலை.

சான்றிதழைக் குறைவாக நினைக்கவும் வேண்டாம், ஒழுங்காக எழுதினால். "சிறந்த சேவைக்காக" என்று தங்க எழுத்தில் அடித்த அட்டையை நேர்முகத் தேர்வில் யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை. எந்த மாதம் தொடக்கம் எந்த மாதம் வரை, கிழமையில் எத்தனை மணித்தியாலம், பதிவேடு பார்த்தாரா, பாடசாலைகளுக்குப் போய் வகுப்பு எடுத்தாரா, என்ன பயிற்சி பெற்றார் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, முடிந்தால் உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியின் கையொப்பத்தோடு கொடுங்கள். வேலை தேடுகிற வயதுப் பிள்ளைகள் அவர்கள்.

இன்னொன்று. விழா நாளில் கதிரை இறக்குவது, பந்தல் கட்டுவது, ரோல்ஸும் பிளேன்ரீயும் பரிமாறுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். கௌரவிக்கப்பட வேண்டிய அதே தொண்டர்கள்தான்! பெயர் கூப்பிடும்போது கையைத் துடைத்துக்கொண்டு குசினியில் இருந்து ஓடிவருவார்கள். அன்றைக்கு மட்டும் நிர்வாகக் குழு கதிரை தூக்கட்டும், தலைவர் உட்பட.

கேள்வி: காலமான என் அப்பாவின் நினைவாக ஊர் நிலையத்துக்கு ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்தேன். வாசலில் அவருடைய படத்தோடு பெரிய பெயர்ப்பலகை வைக்கக் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். நான் கேட்பது பிழையா?
— கனடாவில் இருந்து ஒரு வாசகர், சொந்த இடம் புதுக்குடியிருப்பு

பதில்: பிழை இல்லை. அப்பாவின் பெயர் ஊரில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படாத பிள்ளை யார்? கோயில் மண்டபம், பள்ளிக்கூடக் கதிரை, தண்ணீர்த்தாங்கி என்று எங்கும் "அன்னாரின் நினைவாக" என்று எழுதித்தானே வைத்திருக்கிறோம்.

இடம்தான் பிரச்சினை. இந்த நிலையத்துக்கு வருகிறவர்கள் பல்லுவலிக்கு வருகிறவர்கள் இல்லை. மனச்சோர்வு, கசிப்பு, ஐஸ் போதை, காதல் முறிவு, வீட்டில் அடி, மாதவிடாய்ச் சிக்கல், இப்படி அம்மாவுக்கும் சொல்லாத சங்கதிகளோடு வருகிறார்கள். வாசலில் வெளிச்சம் போட்ட பலகையும், திறப்பு விழா, நினைவு நாள் என்று அடிக்கடி ஆள் கூட்டமும் இருந்தால் அந்தப் பிள்ளைகள் ரோட்டிலேயே திரும்பிவிடுவார்கள். அப்பாவின் பெயரை உள்ளே, ஆலோசனை அறைச் சுவரில் அளவாகப் பதிக்கச் சொல்லுங்கள். அங்கே இருந்து அழுகிற பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்போது வாசிக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டடம் கட்ட ஆள் கிடைக்கும், கரண்ட் பில் கட்ட ஆள் கிடைக்காது. துப்புரவு செய்கிற அம்மாவின் சம்பளம், தண்ணீர் மோட்டார் பழுது, உளவள ஆலோசகர் வந்துபோகும் செலவு, இவற்றில் ஏதாவது ஒன்று முட்டுப்பட்டுத்தான் நல்ல நல்ல நிலையங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு அன்னதானம் கொடுப்பீர்கள் அல்லவா? அதோடு சேர்த்து அந்த வருடத்து மின்கட்டணத்தையும் பொறுப்பெடுத்துப் பாருங்கள். பலகையை விட நீண்ட காலம் அவருடைய பெயரைச் சொல்வார்கள்.

கேள்வி: நான் ஒரு நிலையத்தின் இணைப்பாளர். பணம் அனுப்புகிறவர்கள், பயன்பெற்ற பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு, விழாவில் இரண்டு பேரை மேடையேற்று என்கிறார்கள். மறுத்தால் காசு நின்றுவிடுமோ என்று பயம்.
— கிளிநொச்சி

பதில்: பயம் நியாயமானது, ஆனாலும் மறுக்கத்தான் வேண்டும். படம் கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, தூரத்தில் இருந்து காசு அனுப்பி ஏமாந்த அனுபவம் அவர்களுக்கும் இருக்கிறது. அவர்கள் கேட்பது நம்பிக்கை. அதற்குப் பிள்ளையின் முகத்தைத் தவிர வேறு வழிகள் இருக்கின்றன.

சுகாதார வேலையில் ஒரு சங்கடம், அது வெற்றி பெற்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வன்னியில் மலேரியாக் காய்ச்சலில் நடுங்காத குடும்பம் ஒரு காலத்தில் அருமை. வீடு வீடாகச் சுவருக்கு மருந்தடித்து, காய்ச்சல்காரரின் விரலில் குத்தி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசிக்கொண்டு போனவர்களின் உழைப்பால் 2012 ஒக்டோபரோடு உள்நாட்டுத் தொற்று நின்றது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. அந்தச் சுவருக்கு மருந்தடித்தவருக்கு உங்கள் ஊரில் யார் பொன்னாடை போர்த்தினார்கள்? தற்கொலை விசயமும் அப்படித்தான். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்திருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1995இலும், 1998இலும், பிறகு 2008 முதல் 2011 வரையும் கொடிய பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்தார்கள், அந்த வீதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. உயிர் தப்பியவர்களுக்கே தாங்கள் தப்பியது தெரியாது. அதை எந்தப் படத்தில் காட்டுவீர்கள்?

அதனால் கணக்கைக் காட்டுங்கள். மாதத்தில் எத்தனை நாள் திறந்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் தரமும் வந்தார்கள் (என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான எண், பிடிக்காத இடத்துக்கு யாரும் திரும்பி வரமாட்டார்கள்), எத்தனை பேரை மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பினீர்கள், பற்றுச்சீட்டுகளோடு செலவு எவ்வளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்தில் போதும். ஆனால் கவனம், ஊர் சின்னது. "16 வயது மாணவி ஒருவர்" என்று எழுதினால் பெயரை எழுதியது மாதிரித்தான். வயதுகளைச் சேர்த்து எழுதுங்கள், 10 முதல் 19 வரை, 20 முதல் 24 வரை என்று.

கேள்வி: விழாவுக்குப் பிரதம விருந்தினராக அரசியல்வாதியைக் கூப்பிடலாமா?
— ஒட்டுசுட்டான்

பதில்: கூப்பிடலாம். இரண்டு மணித்தியாலம் பிந்தி வருவார், அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று தன் பேச்சு முடிந்ததும் போய்விடுவார், அவரோடு வந்த கமராக்களும் போய்விடும், அப்புறம்தான் தொண்டர்களின் பெயரை வாசிப்பீர்கள். இது பரவாயில்லை என்றால் கூப்பிடுங்கள். அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைப் பிரதம விருந்தினராக்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஊரில் அவர் படலை திறக்காத வீடு இல்லை.

கேள்வி: அரச வைத்தியசாலையில் இருக்கிற 'யொவுன் பியச' இளைஞர் நிலையத்துக்கு ஒரு கணினி அன்பளிப்புச் செய்ய விருப்பம். எப்படிக் கொடுப்பது?
— வவுனியா

பதில்: வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள், பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். வாங்குவதற்கு முதல் அங்கே வேலை செய்கிறவர்களிடம் என்ன தேவை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கணினியை விடக் கதவுக்கு ஒரு நல்ல பூட்டும் யன்னலுக்குத் தடித்த திரையும் தேவைப்படலாம்.

கேள்வி: என் மகள் இப்படி ஒரு நிலையத்தில் தொண்டராக இருக்கிறாள். கௌரவிப்பு விழாவில் படம் எடுத்து முகநூலில் போடப் போகிறார்களாம். கலியாணம் பேசுகிற நேரம், சனம் வேறு மாதிரிக் கதைக்கும் என்று எனக்கு யோசனை. போகவேண்டாம் என்று சொல்லட்டுமா?
— ஒரு தாய், விசுவமடு

பதில்: அம்மா, போகவேண்டாம் என்று நீங்கள் சொல்லவும் வேண்டாம், போ என்று நான் சொல்லவும் கூடாது. மகளைக் கேளுங்கள். மேடை வேண்டும், முகநூல் வேண்டாம் என்று அவள் சொன்னால் ஏற்பாட்டாளர்கள் அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அவளுக்கு வரக்கூடிய உண்மையான கரைச்சல் கலியாணப் பேச்சு இல்லை. படத்தைப் பார்த்த பிறகு கடையிலும் கிணற்றடியிலும் சனம் மறித்து, "பிள்ளை, அங்க ஆர் ஆர் வருகினம்?" என்று கேட்கத் தொடங்கும். அதற்குச் சிரித்துக்கொண்டே வாயை மூடுகிற பக்குவம் அவளிடம் இருக்கும், இல்லையென்றால் அந்த வேலையில் இவ்வளவு நாள் நின்றிருக்கமாட்டாள். வீட்டிலும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது. ஒரு காலத்தில் மிகவும் உடைந்து போயிருந்தேன், அந்த நிலையத்தில் இருந்த ஒரு அண்ணாதான் என்னைத் தூக்கிவிட்டார். விழாவில் ஏறி அதைச் சொல்ல விரும்புகிறேன். சொல்லலாமா?
— முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: தம்பி, சொல்ல நினைத்த மனசு பெரியது. நீங்களாக விரும்பிச் சொல்வதை யாரும் தடுக்க ஏலாது. ஆனால் மைக் முன்னால் சொன்னது அன்று இரவே யாருடையதோ போனில் இருக்கும், ஐந்து வருடத்துக்குப் பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியாது. இப்போது நல்ல உசாரில் இருக்கிறீர்கள், ஒரு கிழமை ஆறப்போட்டு யோசியுங்கள். மனம் மறுபடி பாரமானால் விழா வரும்வரை பார்த்திருக்க வேண்டாம், 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும்.

யோசித்த பிறகும் சொல்லத்தான் வேண்டும் என்றால் கடிதமாக எழுதுங்கள், பெயர் இல்லாமல், அந்த அண்ணா என்ன செய்தார் என்பதை மட்டும். உங்களுக்கு என்ன வருத்தம் என்று எழுதத் தேவையில்லை. விழாவில் வேறொருவர் வாசிக்கட்டும். எழுதியது யார் என்று தேடிப்பிடித்து மேடைக்குக் கூப்பிடமாட்டோம் என்று ஏற்பாட்டாளரிடம் முதலே வாக்கு வாங்கிக்கொண்டு கொடுங்கள். உணர்ச்சிவசப்பட்டால் எங்கள் அறிவிப்பாளர்களைப் பிடிக்க ஏலாது.