ஜெர்மனியில் பொதுக் காப்பீட்டை ஏற்கும் குடும்ப மருத்துவரை எப்படித் தேடுவது?

வேலை நிமித்தம் மனைவி, குழந்தையுடன் ஜெர்மனிக்கு வந்திருப்பதாகவும், பொதுக் காப்பீட்டு அட்டை கைக்கு வந்துவிட்டதாகவும், அதை ஏற்கும் குடும்ப மருத்துவர் யார் என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் குடும்பத்தோடு வசிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், அட்டையை ஏற்பார்களா என்ற கவலையை விட்டுவிடலாம். இந்நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பொதுக் காப்பீட்டில்தான் இருக்கிறார்கள். ஆகவே குடும்ப மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த அமைப்போடு ஒப்பந்தம் உள்ளவர்களே. உங்கள் அட்டை ஆஓகா (AOK), பார்மர் (Barmer), டெக்னிக்கர் (Techniker) ஆகிய பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் எதனுடையது என்பதும் பொருட்டில்லை. கிளினிக் வாசலில் 'அல்லே காஸ்ஸன்' (Alle Kassen) என்று எழுதியிருந்தால் எல்லாப் பொதுக் காப்பீடுகளும் அங்கே செல்லும். 'ப்ரிவாட்பிராக்சிஸ்' (Privatpraxis) என்றிருந்தால் மட்டும் விலகிவிடுங்கள். அங்கே தனியார் காப்பீடு உள்ளவர்களையும் கைக்காசு கொடுப்பவர்களையும் மட்டுமே பார்ப்பார்கள்.

உண்மையான தடை வேறு: "புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை" என்ற பதில். இது உங்கள் அட்டையின் மீதோ உங்கள் ஜெர்மன் மொழியின் மீதோ உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்ப மருத்துவர்களில் கணிசமானோர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்கள் ஓய்வு பெறும் வேகத்தில் அடுத்தவர்கள் வருவதில்லை. இத்துடன், மருத்துவர்களுக்கான தொகை மூன்று மாதக் காலாண்டு ஒன்றுக்கு ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்ற கணக்கில் பெரும்பாலும் வருவதாலும், பல ஆண்டுகளாக அதற்கும் ஓர் உச்சவரம்பு இருந்ததாலும், கூடுதலாக ஆட்களைச் சேர்ப்பதில் பலருக்கு ஆர்வம் குறைந்திருந்தது. குடும்ப மருத்துவர்களுக்கான அந்த உச்சவரம்பு 2025 அக்டோபர் முதல் நீக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் மருத்துவரின் கைகள் இரண்டுதானே, வரிசை உடனே கரைந்துவிடாது. இடமில்லாத மருத்துவர் புதியவரை மறுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அவசர நிலையில் மட்டும் மறுக்க முடியாது.

ஆகவே உங்கள் தேடல் இடமுள்ள கிளினிக்கைத் தேடுவதாக இருக்க வேண்டும். என் கணிப்பில் சமீபத்தில் கைமாறிய கிளினிக்குகளில்தான் வாய்ப்பு அதிகம். மூத்த மருத்துவர் ஓய்வு பெற்று இளையவர் ஒருவர் பொறுப்பேற்றிருந்தாலோ, ஏற்கெனவே உள்ள மருத்துவருடன் இன்னொருவர் புதிதாகச் சேர்ந்திருந்தாலோ, பட்டியல் நிரம்பச் சில காலம் ஆகும். அக்கம்பக்கத்தாரிடமும் அலுவலகத்தில் உள்ளவர்களிடமும் "நல்ல மருத்துவர் யார்" என்று கேட்பதைவிட "புதிதாக வந்த மருத்துவர் யார்" என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். மருந்துக்கடைக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

தொலைபேசியில் பெரும்பாலும் இல்லை என்றே சொல்வார்கள். எங்கள் வீட்டில் தொலைபேசியில் மறுத்த ஒரு கிளினிக்கிலேயே, என் மனைவி அட்டையை எடுத்துக்கொண்டு நேரில் சென்று அதே தெருவில் குடியிருக்கிறோம் என்று சொன்னதும் பதிவு செய்துகொண்டார்கள். அருகில் வசிக்கிறோம் என்பது வெறும் சாக்கு அல்ல; வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய நிலை வந்தால் மருத்துவர் தொலைவைப் பார்ப்பார். காலை நெரிசல் தணிந்த பிறகு செல்லுங்கள். "அடுத்த காலாண்டில் கேளுங்கள்" என்றால் அதை மறுப்பாகக் கொள்ளாமல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மீண்டும் கேளுங்கள். மிக முக்கியமாக, காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் உடல் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

எங்கும் கிடைக்காவிட்டால் 116117 என்ற எண் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க நேரம் பெற்றுத்தருவதற்காக, பொதுக் காப்பீட்டு ஒப்பந்தம் உள்ள மருத்துவர்களின் மாநிலச் சங்கங்கள் நடத்தும் சேவை அது. சிறப்பு மருத்துவருக்குப் பெரும்பாலும் பரிந்துரைச் சீட்டு கேட்பார்கள். குடும்ப மருத்துவருக்கும் குழந்தை மருத்துவருக்கும் அது தேவையில்லை. ஆனால் இன்னார்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. அவர்கள் காட்டும் இடத்துக்குச் செல்ல வேண்டும், அது ஊரின் மறுகோடியாகவும் இருக்கலாம். அதே சேவையின் இணையத் தேடலில் மருத்துவர் பேசும் மொழியை வைத்தும் தேடலாம். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்று இங்கே மருத்துவர்களாக இருப்பதால், தமிழில் பேசுபவரே அமைந்தாலும் வியப்பில்லை.

குழந்தைக்குத் தனியாகக் குழந்தை மருத்துவரைப் பதிவு செய்யுங்கள். அங்கே நெருக்கடி இன்னும் அதிகம் என்பதால் அதையே முதலில் தொடங்கலாம். வருமானமில்லாத மனைவியும் குழந்தையும் உங்கள் காப்பீட்டிலேயே கூடுதல் கட்டணமின்றிச் சேர்வார்கள், ஆனால் அவரவருக்குத் தனி அட்டை உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசிப் பதிவை முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள்; 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் மழலையர் காப்பகத்தில் பொதுவாகச் சேர்க்க இயலாது.

சேர்ந்தபின், குடும்ப மருத்துவரை மையமாகக் கொண்ட சிறப்புத் திட்டம் ஒன்றில் கையெழுத்திடுமாறு கிளினிக்கில் உங்களைக் கேட்கலாம். எங்கள் மாநிலத்தில் அது 2008 முதல் பரவலாக இருக்கிறது. குறைந்தது ஓராண்டு அவரிடமே முதலில் செல்வேன் என்பது உடன்பாடு. நிலையாகத் தங்குபவர்களுக்கு அது நல்லதே. வீடு மாறப்போகிறீர்கள் என்றால் தள்ளிப்போடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கக் கட்டணமில்லை. 2004 முதல் 2012 வரை காலாண்டுக்கு 10 யூரோ வாங்கிவந்தார்கள், அதுவும் ஒழிந்தது. பெரியவர்கள் மருந்துக்குப் பொதுவாக 5 முதல் 10 யூரோ வரை கொடுக்க வேண்டும். காப்பீட்டில் அடங்காத பரிசோதனைகளைச் சில கிளினிக்குகள் காசுக்குச் செய்ய முன்வரும். அதற்கு முன்கூட்டியே எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை. அந்தத் தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்திடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்வதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.