நிர்வாகம் பிடிக்கவில்லை, ஆனால் பங்கு விலை ஏறுகிறது. சிறு பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு ஒரு டைரக்டரையாவது கொண்டுவர முடியுமா, விற்றுவிட்டு வருவதுதான் வழியா?

கேள்வியில் ஊர் கொழிஞ்சாம்பாறை என்று போட்டிருக்கிறீர்கள், கேரள எல்லைக்காரருக்குத் திருவனந்தபுரத்துச் சட்டசபைக் கணக்கே போதும். 2021 தேர்தலில் இடதுசாரிக் கூட்டணியான எல்டிஎஃப் 99, காங்கிரஸ் கூட்டணியான யுடிஎஃப் 41. 2024-இல் மூன்று மாநிலங்களவை இடம் காலியானபோது போட்டியே இல்லாமல் இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்தது. அங்கே விருப்ப வரிசை ஓட்டு, அதாவது எம்.எல்.ஏ. ஒவ்வொருவரும் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். 140 பேரில் 36 பேர் இருந்தால் ஓர் இடம் உறுதி. இடத்துக்கு இடம் தனித்தனியாக ஓட்டெடுத்திருந்தால் மூன்றும் எல்டிஎஃப்புக்குத்தான்.

கம்பெனியில் நடப்பது இந்தத் தனித்தனி ஓட்டு. கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் புரமோட்டரிடம் 75 சதவீதப் பங்கு, டைரக்டர்கள் போர்டில் ஏழு இடம் என்றால் ஏழும் அவர் ஆட்கள். விலையே சந்தையின் ஓட்டு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அந்த 75 சதவீதம் கைமாறுவதே இல்லை. மிச்சத்தில் வாங்கி விற்பவர்கள்தான் விலையை வைக்கிறார்கள்.

கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 163 குவிப்பு ஓட்டை அனுமதிக்கிறது. ஏழு இடத்துக்கு ஒரு பங்குக்கு ஏழு ஓட்டு, ஏழையும் ஒருவருக்கே போடலாம். லட்சம் பங்கில் ஓர் இடம் உறுதியாக வேண்டுமானால் லட்சத்தை எட்டால் வகுத்து ஒன்று கூட்டுங்கள்: 12,501. இரண்டுக்கு 25,001, 25 சதவீதக்காரர்களுக்கு ஒரே ஒரு பங்கு குறையும்! பொதுமக்களில் பாதிப்பேர், அதாவது 12,500 பங்குதான் ஓட்டுப் போட்டாலும் ஒருவருக்குக் குவித்தால் 87,500 ஓட்டு. புரமோட்டர் ஏழு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 75,000தான். ஆசைப்பட்டு நீங்கள் இரண்டு பேரை நிறுத்தினால் 43,750 வீதம், இரண்டுமே போச்சு.

ஆனால் இது கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸில், அதாவது அதன் உள்விதிகளில் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கச் சிறப்புத் தீர்மானம். எதிர் ஓட்டைப்போல் மூன்று மடங்கு ஆதரவு தேவை. புரமோட்டர் மனது வைத்தால்தான் உண்டு.

பங்குச் சந்தையில் லிஸ்ட் ஆன கம்பெனியென்றால், சிறு பங்குதாரர்களே ஒரு டைரக்டரைத் தேர்ந்தெடுக்க வழி தரும் பிரிவு 151-ஐப் பாருங்கள். கையிலுள்ள பங்குகளின் முகமதிப்பு 20,000 ரூபாய்க்கு மேல் போகாதவர்கள் சிறு பங்குதாரர்கள். சந்தை விலை அல்ல. பத்து ரூபாய்ப் பங்கென்றால் 2,000 வரை. ஆயிரம் பேர் அல்லது சிறு பங்குதாரர்களில் பத்தில் ஒரு பங்கு, எது குறைவோ அத்தனை பேர் நோட்டீஸ் கொடுத்து அந்த டைரக்டரைக் கேட்கலாம். வேட்பாளர் பெயரோடு கையெழுத்திட்ட நோட்டீஸ் கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் போய்ச் சேர வேண்டும். பெயர், விலாசம், பங்கு எண்ணிக்கை, ஃபோலியோ என்கிற பங்குதாரர் பதிவு எண் எல்லாம் அதில் வேண்டும்.

நம் எல்லைப் பக்கத்தில் இடிப்பதே இங்கேதான். ரேஷன் கார்டில் மலையாளத்தில் வீட்டுப் பெயர், பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர், பங்குகள் இருக்கும் டீமாட் கணக்கில் மூன்றாவது ஒன்று. எந்தக் கவுண்டருக்குப் போனாலும் அடுத்த கவுண்டரைக் கை காட்டுவார்கள். கையெழுத்து வாங்கும்போது டீமாட்டில் உள்ளபடியே எழுத வையுங்கள்.

வீட்டிலிருந்தே இணையத்தில் போடும் மின்வாக்கு, கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். போட்டுவிட்டால் மாற்ற முடியாது.