மீன் கத்தியும் முறுக்கு டப்பாவும்

அன்புள்ள சார்,

நான் பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கேன். போன மாசம் இங்க ஒரு எஸ்டேட் சேல் போயிருந்தேன். ஒரு பெரியவர் தவறிட்டார், வீட்டுச் சாமானையெல்லாம் ஹால்ல பரப்பி விலை ஒட்டி வச்சிருந்தாங்க. அதுல ஒரு பழைய தூண்டில் பெட்டி, உள்ள ரெண்டு மடக்குக் கத்தி, பெட்டியோட சேர்த்து 12 டாலர்னாங்க, வாங்கிட்டேன். ஒண்ணு மஞ்சப் பிடி, பிளேடு அடியில கேஸ் எக்ஸ்எக்ஸ், யூஎஸ்ஏன்னு இருக்கு. இன்னொண்ணு பிடி முத்து மாதிரி பளபளன்னு, அங்கங்க வெடிப்பு விட்டிருக்கு, கம்பெனி பேர் தெரியல, ஜெர்மனிங்கற எழுத்து மட்டும் லேசா தெரியுது. அதுல பச்சையா என்னமோ படிஞ்சிருக்கு. தூண்டில்காரங்க வச்சிருக்கற இந்த மடக்கு மீன் கத்தி சேக்கறதப் பத்தி நீங்க எழுதினது ஞாபகம் வந்துது, அதான் கேக்கறேன். ரெண்டையும் பஃபிங் வீல்ல, அதான் பாலிஷ் போடற சக்கரத்துல, போட்டு கண்ணாடி மாதிரி ஆக்கிடலாமா? என்ன விலை போகும்? இங்க ஒரு கடைக்காரர் மான்கொம்பு பிடி போட்ட தூண்டில்காரர் கத்தி ஒண்ணு தர்றேங்கறார், ஊருக்கு வரும்போது எடுத்துட்டு வரலாமா? இப்போதைக்கு பத்திரமா ரெண்டையும் காத்து புகாத டப்பால சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மூடி வச்சிருக்கேன். கடைசியா ஒண்ணு, நாங்க சுத்த சைவம். 'மீனே திங்காத ஆளுக்கு மீன் கத்தி எதுக்கு'ன்னு வீட்ல சிரிக்கறாங்க.

கே.

அன்புள்ள கே.,

மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல போய் அந்த டப்பாவத் திறங்க. திறந்து அந்த முத்துப் பிடி கத்திய வெளில எடுத்து மஞ்சக் கத்திகிட்ட இருந்து தள்ளி வேற அறையில காத்தோட்டமா ஒரு தட்டுல வைங்க. வச்சுட்டு வந்து மீதிய படிங்க.

ஏன் இவ்ளோ பதட்டம்னா நான் பண்ணின தப்ப நீங்க அப்படியே பண்ணிட்டிருக்கீங்க. ஒஹையோல ஒன்பது வருஷம் இருந்துட்டு சென்னைக்குத் திரும்பினப்போ என்கிட்ட பதினேழு மீன் கத்தி இருந்துது, அதுல நல்லதா நாலை மட்டும் பொறுக்கி மல் துணில சுத்தி ஒரு எவர்சில்வர் முறுக்கு டப்பால போட்டு மூடிய அழுத்தி சாத்தி லாஃப்ட்ல வச்சேன், கடல் காத்து படக்கூடாதுன்னு. ரெண்டு வெயில் காலம் தாண்டிச்சு. அப்புறம் ஒரு நண்பர் வந்தார், காட்டலாம்னு இறக்கித் திறந்தா குப்புன்னு கற்பூர வாசனை, அது பின்னாடியே மூக்க அறுக்கற மாதிரி ஒரு புளிச்ச நெடி. ஒரு கத்தியோட பிடி கற்கண்டு மாதிரி பொடிப்பொடியா உதிர்ந்து கிடக்கு. அது போனா போகுதுன்னு விட்டிருப்பேன், பக்கத்துல இருந்த மூணு கத்தியும் சேர்ந்து காலி. ஷ்ரேட் வால்டன் கம்பெனி கத்தி ஒண்ணு, பிளேடு பூரா அம்மைத்தழும்பு மாதிரி குழி. உள்ள இருந்த பித்தளைத் தகடெல்லாம் பச்சைக் களிம்பு. நண்பர் ஒண்ணும் சொல்லாம காபி குடிச்சுட்டு கிளம்பிட்டார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துல முத்து மாதிரி, ஆமை ஓடு மாதிரி, உடைஞ்ச ஐஸ் மாதிரியெல்லாம் பிடி போட்டது செல்லுலாய்டுல. யானைத்தந்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாத்து தேடப்போய் ஜான் வெஸ்லி ஹயட்னு ஒரு அமெரிக்கர் 1870ல பேட்டன்ட் வாங்கின சரக்கு. நைட்ரோசெல்லுலோஸ்ல கற்பூரம் கலந்து பிசைஞ்சு பண்றது. ஆமா, நாம சாமிக்கு ஏத்தற அதே கற்பூரம்தான். அதனாலதான் பழைய பிடிய கட்டைவிரலால நல்லா சூடேற தேச்சு மோந்து பாத்தா கற்பூர வாசனை அடிக்கும், செல்லுலாய்டான்னு கண்டுபிடிக்க அதுதான் வழி. யாராவது ஊசிய சூடு பண்ணி குத்திப் பாருன்னு சொன்னா கேக்காதீங்க, சினிமா பிலிம் பத்திக்கிட்ட மாதிரி பத்திக்கும். வயசாக வயசாக இது தானா சிதைய ஆரம்பிக்கும், நைட்ரஜன் ஆக்ஸைடு ஆவி விடும், அது காத்துல இருக்கற ஈரத்தோட சேர்ந்து நைட்ரிக் ஆசிட் ஆயிடும். மூடின டப்பான்னா ஆவி வெளியவும் போகாது, அதே ஆவி திரும்ப பிடியையே தின்னு இன்னும் வேகமா சிதைக்கும். சிலிக்கா ஜெல் ஈரத்த கொஞ்சம் இழுக்கும், ஆசிட் ஆவிக்கெல்லாம் அது பத்தாது. உங்க கத்தில வெடிப்பும் பச்சையும் வந்துருச்சுன்னா சிதைய ஆரம்பிச்சாச்சு. இனி நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். குளிர்ச்சியா, காத்தோட்டமா, தனியா. தோல் உறைல போட்டு வைக்கறதும் வேண்டாம், தோல் பதப்படுத்தின சரக்கு பித்தளைக்கு ஆகாது, அதுவும் களிம்பு ஏத்தும்.

அந்தக் கத்தியோட வயசு? 1890ல அமெரிக்கால மெக்கின்லி சட்டம்னு ஒண்ணு வந்துது, வெளிநாட்டு சரக்குல எந்த நாட்டுல பண்ணினதுன்னு பேர் போட்டே ஆகணும்னு. அதுக்கப்புறம்தான் கத்தி அடியில ஜெர்மனி, இங்கிலாந்துன்னெல்லாம் பாக்கலாம். ரெண்டாவது போர் முடிஞ்சு நாடு ரெண்டாப் பிரிஞ்சப்புறம் வந்ததுல பெரும்பாலும் வெஸ்ட் ஜெர்மனின்னே இருக்கும். உங்களுதுல வெறும் ஜெர்மனி, பிடி செல்லுலாய்டு, அப்ப போருக்கு முந்தினதா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கத்திக்குப் பேர்போன சோலிங்கன்ங்கற ஜெர்மன் ஊர்ச் சரக்கா இருக்கலாம், ஆனா பேர் அழிஞ்சு போனத வச்சு கதை கட்ட எனக்கு இஷ்டமில்ல. இதுமாதிரி 'ஆக்யுபைடு ஜப்பான்'னு போட்ட கத்தி எங்கயாவது கண்ல பட்டா எடுத்துக்கோங்க, 1945லேர்ந்து 52 வரைக்கும் அமெரிக்கா அங்க உக்காந்திருந்த காலம், தேதிய தேடவே வேண்டாம்.

இப்ப மஞ்சக்கத்திக்கு வருவோம், உண்மையான சமாச்சாரம் அதுதான். கேஸ் கம்பெனி உங்க ஊர்லேர்ந்து கார்ல போற தூரத்துல, அதே பென்சில்வேனியால பிராட்ஃபோர்ட்ங்கற ஊர்ல, 1905லேர்ந்து அங்கதான். இவங்க கத்திய படிக்கறது ஜாதகம் படிக்கற மாதிரி, கத்தி அடியிலயே எழுதி வச்சிருப்பாங்க. பிளேட விரிச்சா பிடிக்குள்ள நுழையற இடத்துல ஒரு சதுரமான தட்டைப் பகுதி இருக்குல்ல, டாங்னு சொல்வாங்க, அங்க கேஸ் எக்ஸ்எக்ஸ்னு மட்டும் இருந்தா 1940லேர்ந்து 64 வரைக்கும். அதோட யூஎஸ்ஏ சேர்ந்திருந்தா 65லேர்ந்து 69. 1970ல அதுக்கு அடியில பத்து புள்ளி வச்சாங்க, அடுத்த வருஷம் ஒம்பது, அதுக்கடுத்து எட்டுன்னு கோலத்துல ஒவ்வொரு புள்ளியா அழிச்சுட்டே வர்ற மாதிரி 79ல ஒரே ஒரு புள்ளி. ஆக உங்களுதுல யூஎஸ்ஏவுக்கு அடியில புள்ளி இருக்கா இல்லையாங்கறதுலதான் வருஷமே இருக்கு, அதை நீங்க எழுதல. டாங்கோட பின்பக்கம் திருப்புங்க, அங்க 32095எஃப்னு ஒரு நம்பர் இருக்கும்னு நினைக்கறேன். முதல் 3 மஞ்சப் பிடி, அடுத்த 2 ரெண்டு பிளேடு, 095ங்கறது அந்த வடிவம், எஃப்ங்கறது அந்த ரெண்டாவது, செதில் சுரண்டற பிளேடக் குறிக்கறது. கூட எஸ்எஸ்னு இருந்தா ஸ்டெயின்லெஸ்.

அந்த ரெண்டாவது பிளேட கொஞ்ச நேரம் கைல வச்சுப் பாருங்களேன். ஒரு ஆணி பருமனுக்கு ஒரு இரும்புத் துண்டு, அதுக்குள்ள எத்தனை வேலை. முதுகுல அரம் மாதிரி பல்லு, அது செதில் சுரண்ட. முனை ரெண்டா பிளந்து குட்டிக் கவை மாதிரி, மீன் தூண்டில் முள்ள தொண்டை வரைக்கும் முழுங்கிருச்சுன்னா கவைய உள்ள விட்டு முள்ளோட வளைவுல மாட்டி ஒரு தள்ளு, முள்ளு கழண்டுரும். நிறைய மாடல்ல நடுவுல ஒரு வெட்டு, அது பீர் மூடி திறக்க, ஏரிக்கரைல அதுவும் வேணும்ல. சில மாடல்ல பிடிலயே விரல் அகலத்துக்கு சாணைக்கல் பதிச்சிருப்பாங்க, முள்ளு மழுங்கினா அதுல ரெண்டு இழுப்பு. வாங்கறவன் முதல்ல பாக்க வேண்டியது இந்தக் கவையோட ரெண்டு நுனியும் முழுசா இருக்கான்னு. பத்துக்கு ஏழு கத்தில ஒரு நுனி ஒடிஞ்சிருக்கும், நான் பாத்த வரைக்கும். எவனாவது ஸ்க்ரூடிரைவர் இல்லாத அவசரத்துக்கு அதை வச்சு நெம்பியிருப்பான்.

இந்த வகைல நல்ல கத்தி ஏன் அபூர்வம்னா, மத்த பாக்கெட் கத்தி மாதிரி இது வேட்டி மடிப்புல பத்திரமா வாழ்ந்ததில்ல. ஈரம், மீன் கொழகொழப்பு, சில இடத்துல உப்புத்தண்ணி, படகுலேர்ந்து கை நழுவினா கதை முடிஞ்சுது. தப்பிச்சதும் சாணை பிடிச்சு பிடிச்சு பிளேடு பென்சில் சீவின மாதிரி ஒல்லியா இருக்கும். போருக்கப்புறம் ராட் ஐலண்டுல பிராவிடன்ஸ் ஊர்ல இம்பீரியல், கொலோனியல்னு ரெண்டு கம்பெனி மெல்லிசான தகடு மடிச்சு பிடி போட்டு எக்கச்சக்கமா மலிவா அடிச்சு விட்டாங்க, மீன் படமெல்லாம் போட்டு, அது இன்னும் எங்க பாத்தாலும் கிடைக்கும், ரெண்டு காபி விலைக்கு. எனக்கு அதுவும் பிடிக்கும்ங்கறது வேற விஷயம். ஆனா சண்டை போட்டு வாங்கறது ரெமிங்டன் மாதிரி. துப்பாக்கி கம்பெனிதான், 1920லேர்ந்து 40 வரைக்கும் பாக்கெட் கத்தி பண்ணினாங்க, பிடில தோட்டா மாதிரி ஒரு சின்னத் தகடு பதிச்ச வரிசைல ஆர்1613ன்னு ஒரு நீளக்கத்தி, மீன்காரங்களுக்குன்னு. ஒரிஜினல் என் ஆயுசுல ரெண்டு தடவை கைல பிடிச்சிருக்கேன், ரெண்டு தடவையும் திருப்பிக் குடுத்துட்டேன், பேங்க் பேலன்ஸ் அப்படி. 1982லேர்ந்து ரெமிங்டன் பேர்லயே தோட்டாக் கத்திகள மறுபடி அடிச்சு விட ஆரம்பிச்சாங்க, அதைப் புதுசுன்னு சொல்லி வித்தா தப்பில்ல, கொஞ்சம் அழுக்கு பூசி தாத்தா காலத்துதுன்னு விக்கறவங்களும் இருக்காங்க. அதே மாதிரி 2004ல ஷ்ரேட் ஃபேக்டரி மூடினப்போ உதிரி பாகமெல்லாம் ஏலத்துல போச்சு, அதை எடுத்தவங்க வீட்ல உக்காந்து கோர்த்த கத்தியும் சந்தைல சுத்துது.

பஃபிங் வீல் பத்தி. வேண்டாம். வேண்டவே வேண்டாம். பஃப் பண்ணினா முதல்ல போறது டாங்ல இருக்கற அந்த எழுத்துதான், அது போச்சுன்னா கத்திக்கு பேரும் இல்ல வயசும் இல்ல, ஓரமெல்லாம் உருண்டு சோப்பு மாதிரி ஆயிடும். சேக்கறவன் கண்ணுக்கு பஃப் பண்ணின கத்தி டை அடிச்ச மீசை மாதிரி, பத்தடி தள்ளி நின்னாலே தெரியும். பழைய இரும்புல சாம்பல் கலர்ல நீலம் ஓடற மாதிரி ஒரு படிவு இருக்கும், அது துரு இல்ல, அது இருக்கட்டும். சிவப்பா பொடியா வர்றதுதான் துரு, அதுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு ராத்திரி பூரா ஊறவிட்டு பருத்தித் துணியால தொடச்சாலே பாதி வந்துரும், மீதிக்கு வெண்கலக் கம்பி நார் கிடைச்சா மெதுவா. தேங்காய் எண்ணெய் விடாதீங்க, ஆறு மாசத்துல பிசுபிசுன்னு சிக்கு ஏறி மடக்கவே வராது. இறுகின பிளேடு திறக்கலன்னா கொறடு போட்டு இழுக்கக்கூடாது, எண்ணெய் விட்டு ரெண்டு நாள் மறந்துடுங்க, அப்புறம் நகத்தால ஒரு இழுப்பு. திறக்கும்போதும் மடக்கும்போதும் டக்குனு ஒரு சத்தம் வந்துதுன்னா ஸ்பிரிங் உயிரோட இருக்கு.

விலை சொல்ல மாட்டேன், போட்டோ கூட பாக்காம சொல்றது ஜோசியம். மஞ்சக் கத்தி ஒண்ணுக்கே 12 டாலர் நஷ்டமில்ல, அது மட்டும் உறுதி.

மான்கொம்பு விஷயத்துல கொஞ்சம் கவனம். இங்கிலாந்துல ஷெஃபீல்டு, ஜெர்மனில சோலிங்கன், அமெரிக்கா எல்லாரும் ஆசைப்பட்டு போட்ட அந்தக் கொம்பு நிறைய நம்ம ஊர் கடமானோடது, இந்தியாலேர்ந்து கப்பல்ல போனது, தொண்ணூறுகளோட கடைசில ஏற்றுமதிய மொத்தமா தடை பண்ணிட்டாங்க. நம்ம காட்டுலேர்ந்து போனத நாமளே காசு குடுத்து திரும்பக் கொண்டு வர்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இங்க 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் இருக்கு, ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரர்கிட்ட நின்னு இது 1920ல செத்த மான்னு நிரூபிச்சுட்டு இருக்க முடியாது. அங்கயே வச்சு ரசிங்க, இல்ல விடுங்க. மத்தபடி கத்திக்காக பயப்படாதீங்க, நம்ம ஊர் ஆயுதச் சட்ட விதில லைசென்ஸ் கேக்கறது 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருக்கற பிளேடுக்கு, மீன் கத்தி அதுல பாதி கூட வராது. கைப்பையில மட்டும் வைக்காதீங்க, செக்-இன் பெட்டில போடுங்க.

சைவம்னு எழுதியிருந்தீங்க. நான் அசைவம்தான், ஆனா இத்தனை வருஷத்துல ஒரு மீன் கூட தூண்டில் போட்டுப் பிடிச்சதில்ல. ஒரே ஒரு தடவை ஈரி ஏரிக்கரைல ஒரு நண்பர் பிடிச்சு குடுத்த பெர்ச் மீன என்னோட இம்பீரியல் கத்தியால செதில் சுரண்டிப் பாத்தேன், வாலுலேர்ந்து தலைப்பக்கமா இழுக்கணும்னு கூட தெரியாம தலைகீழா இழுத்து கையெல்லாம் செதில், மூஞ்சியெல்லாம் செதில், அவர் சிரிச்ச சிரிப்பு. வீட்ல கேட்டா இதைச் சொல்லுங்க. ஸ்டாம்ப் சேக்கறவன் எல்லாம் லெட்டரா போட்டுட்டு இருக்கான்?

சரி, டாங்கோட ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க. ஃபிளாஷ் போடாம, ஜன்னல் பக்கத்துல சாய்ச்சு வச்சு எடுங்க, அப்பதான் எழுத்து தெரியும். யூஎஸ்ஏவுக்கு அடியில புள்ளி இருந்தா எண்ணி எழுதுங்க. அதுக்கு முன்னாடி, டப்பாவ திறந்தீங்கதானே?